198 டாலர் ஜீன்ஸும் அப்பாவின் கட்டைவிரலும்

நாங்கள் நியூஜெர்சிக்கு வந்து இறங்கியது 2010-ல். வந்த இரண்டாவது மாதமே ஒரு மாலில் ஜீன்ஸ் ஒன்றைக் கையில் எடுத்து, விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, எடுத்த சுவடு தெரியாமல் மடித்து வைத்துவிட்டு வந்தேன். 198 டாலர். அப்போது டாலர் 45 ரூபாய் சொச்சம். மனக்கணக்கு ஒன்பதாயிரத்தை நெருங்கி நின்றது. என் நிச்சயதார்த்தப் புடவையே அவ்வளவு ஆகவில்லை.

ஆனால் அந்தத் துணி விரலை விட்டுப் போகவில்லை. நான் ஈரோட்டுக்காரி. அப்பாவுக்கு ஜவுளிக் கமிஷன் வியாபாரம். திங்கட்கிழமை ராத்திரி கனி மார்க்கெட்டில் சந்தை கூடினால், செவ்வாய்க்கிழமை சந்தை கலையும்வரை அப்பா வீட்டுக்கு வரமாட்டார். சின்ன வயதில் அவரோடு போய் மூட்டை மேல் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன். விலை கேட்பதற்கு முன்னால் துணியைப் புரட்டி உள்பக்கம் பார்ப்பார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மாலில் நான் தொட்டது நல்ல சரக்கு என்று கை சொல்லிவிட்டது. பர்ஸ்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

எடிசனில் எங்கள் அபார்ட்மெண்டின் மேல்மாடியில் ஒரு மதுரை அக்கா இருந்தார். பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் ஒரு தள்ளுபடித் துணிக்கடையில் பகுதிநேர வேலை. நான் விலையைச் சொன்னதும் சிரித்தார். “அந்த மாலுக்குள்ள எதுக்குடி போன? அதே சாமான் ஆறு மாசம் கழிச்சு மார்ஷல்ஸ்ல தொங்கும். கொஞ்சம் பொறு.”

பொறுத்தேன். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை என்று தெரிய எனக்குச் சில வருஷங்களும் சில நூறு டாலர்களும் ஆயின.

முதலில் எந்தக் கடை எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். டி.ஜே. மேக்ஸ், மார்ஷல்ஸ் இரண்டும் டி.ஜே.எக்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. இவர்கள் சரக்கை வெளியே கொள்முதல் செய்கிறார்கள். பெரிய கடை ஒன்று ஆர்டர் கொடுத்துவிட்டு ரத்து செய்தது, தேவைக்கு மேல் தைத்தது, சீசன் முடிந்து தேங்கியது என்று பல வழிகளில் வரும். நார்ட்ஸ்ட்ராம் ராக் இன்னொரு வகை: தாய்க்கடையில் விற்காமல் நின்றது கொஞ்சம், ராக்குக்கென்றே வாங்கியது கொஞ்சம் என்று கலந்து தொங்கும். மூன்றாவது வகை பிராண்டுகள் தங்கள் பெயரிலேயே நடத்தும் அவுட்லெட். எலிசபெத் ஊரில் இருக்கும் ஜெர்சி கார்டன்ஸ், நியூயார்க் பக்கம் வுட்பரி காமன் மாதிரி இடங்களில் இவை வரிசையாக நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி ‘மலிவுக் கடை’. உள்ளே தொங்குவது ஒன்றல்ல.

இதெல்லாம் தெரியாமல்தான் ஒரு அவுட்லெட்டில் மாட்டினேன். எந்தக் கடை என்பது இப்போது வேண்டாம். பெரிய பிராண்ட், பெரிய எழுத்தில் 70 சதவீதத் தள்ளுபடி. சீட்டில் 169 டாலர், கையில் 49. மாலில் பார்த்த அதே ஜீன்ஸ் என்று நினைத்து இரண்டாக வாங்கினேன். மூன்றாவது சலவையிலேயே வலது காலின் பக்கத் தையல் மெல்ல நகர்ந்து முன்பக்கம் வந்து முழங்காலுக்குக் கீழே சிரித்துக்கொண்டு நின்றது. நிற்கும்போது கால் ஒரு பக்கம், பேன்ட் ஒரு பக்கம். இஸ்திரி போட்டு நேராக்கிப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் மறுபடி திருகிக்கொண்டது. இன்னொன்றுக்கு முழங்கால் தொங்கிப் பை போட்டுவிட்டது.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அவுட்லெட்டில் தொங்குவதில் பெரும்பங்கு மெயின் கடைக்குப் போய் விற்காமல் திரும்பி வந்த சரக்கே இல்லை. அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைப்பது: கொஞ்சம் இலேசான துணி, குறைந்த தையல் வேலை, பெயர் மட்டும் அதே பெயர். அப்படித் தைத்து விற்பதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் சீட்டில் போட்டிருக்கும் 169 டாலருக்கு அந்த ஜீன்ஸ் எந்தக் கடையிலும் ஒருநாளும் விற்றிராது. 2014 ஜனவரியில் மூன்று செனட்டர்களும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து, அவுட்லெட் கடைகளின் இந்த விலைச்சீட்டு விஷயத்தைக் கவனியுங்கள் என்று மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி-க்கே கடிதம் எழுதினார்கள். ஏமாந்தது நான் ஒருத்தி மட்டுமில்லை என்று அதில் ஒரு சின்ன ஆறுதல்.

அதற்குப் பிறகு நான் விலைச்சீட்டைப் படிப்பதைக் குறைத்துக்கொண்டு, உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டைப் படிக்க ஆரம்பித்தேன். விலைச்சீட்டு கடைக்காரர் எழுதுவது, அவர் இஷ்டம். உள்சீட்டு சட்டம் கேட்பதால் தைப்பது. என்ன நூல் எத்தனை சதவீதம், எந்த நாட்டில் தைத்தது, யார் பொறுப்பு என்ற மூன்றும் அதில் இருந்தாக வேண்டும். கடைசி விஷயத்துக்குப் பெயருக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஆர்.என். என்று ஆரம்பிக்கும் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை எஃப்.டி.சி-யின் இணையதளத்தில் தட்டினால் எந்த நிறுவனத்துக்குப் பதிவானது என்று வந்துவிடும். கடையில் நின்றபடி போனில் பார்க்கலாம், ஒரு நிமிஷ வேலை. இடுப்பில் பெரிய டிசைனர் பெயர், எண்ணைத் தேடினால் பெயரை வாடகைக்கு வாங்கித் தைக்கும் வேறு ஏதோ கம்பெனி. அப்படி நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் அது மோசம் என்று அர்த்தமில்லை. டிசைனர் விலை கொடுக்க வேண்டிய பொருள் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் நல்ல ஜீன்ஸின் எண்ணைப் போனில் குறித்து வைத்துக்கொண்டால் ஒப்பிட இன்னும் வசதி.

டிசைனர் ஜீன்ஸ் என்ற சங்கதியே பெயர் வியாபாரத்தில் பிறந்ததுதான். 1873-ல் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் லீவை ஸ்ட்ராஸும், துணி கிழியாமல் பாக்கெட் மூலையில் அடிக்கும் செப்பு ரிவெட்டுக்குப் பேட்டன்ட் வாங்கியபோது அது சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் போகிறவர்களின் உடை. நூறு வருஷம் கழித்து, 1970-களின் கடைசியில், குளோரியா வாண்டர்பில்ட் என்ற பணக்காரக் குடும்பத்துப் பெண்மணியின் கையெழுத்தைப் பின்பாக்கெட்டில் போட்டு விற்றார்கள், அலையாக எழுந்தது. அந்த ஜீன்ஸைக் கொண்டுவந்தவர் இந்தியரான மோகன் முர்ஜானி. பிறகு டாமி ஹில்ஃபிகர் என்ற டிசைனரைத் தூக்கிவிட்டதிலும் இவருக்குப் பங்குண்டு. நம்ம ஆள்தான் அமெரிக்காக்காரர்களுக்கு இந்தப் பழக்கத்தைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார் என்று நான் அடிக்கடி வீட்டுக்காரரிடம் சொல்வேன். அவருக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அப்புறம் 2000-ல் லாஸ் ஏஞ்சலஸில் செவன் ஃபார் ஆல் மேன்கைண்ட் என்ற பிராண்ட் ஆரம்பித்தது. அதைத் தொடர்ந்து சிட்டிசன்ஸ் ஆஃப் ஹியூமானிட்டி, பெய்ஜ், ஜே பிராண்ட் என்று வரிசையாக வந்தன. நான் மாலில் மடித்து வைத்த 198 டாலர் அந்த வம்சத்தைச் சேர்ந்தது.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன். 2016 கோடையில் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். நயாகரா, வெள்ளை மாளிகை எல்லாம் காட்டி முடித்த பிறகு அப்பா கேட்டார்: “இங்க ஜவுளிக்கடை பாக்கவே இல்லையே கண்ணு?” ஒரு புதன்கிழமை காலையில் தள்ளுபடிக் கடைக்கு அழைத்துப் போனேன். வேட்டிதான் கட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அம்மாவின் பிடிவாதத்தால் பேன்ட் போட்டு வந்திருந்தார்.

ஜீன்ஸ் வரிசைக்குப் போனதும் ஒரு விலைச்சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இந்தக் ‘கம்பேர் அட்’டுன்னா என்ன கண்ணு?”

“இதே சரக்கு வேற கடையில என்ன விலைன்னு போட்டிருக்காங்கப்பா.”

“யாரு போட்டது?”

“இந்தக் கடைக்காரங்கதான்.”

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டுச் சீட்டைக் கீழே விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த ஒரு மணி நேரம் நான் வாயை மூடிக்கொண்டு அவர் கையை மட்டும் பார்த்தேன். முதலில் கையை ஜீன்ஸின் காலுக்குள் விட்டு அதை மறுபுறம் புரட்டினார். வெளிப்பக்கம் கருநீலம், உள்பக்கம் வெளிர். “பாவுக்கு மட்டும் சாயம். ஊடை வெள்ளை.” பாவு நீளவாட்டு நூல், ஊடை குறுக்கு நூல். அடியில் பிசிறாக நின்ற ஒரு நூலைப் பிய்த்து நகத்தால் முறுக்கை அவிழ்த்துக் காட்டினார். நூலின் மேல்தோல் நீலம், நடுத்தண்டு வெள்ளை. “சாயம் உள்ளே இறங்கல பாரு, மேலோட நிக்குது. தேயத் தேய வெளுக்கும். நம்மூர்ல இப்பிடிச் சாயம் போனா சரக்கைத் திருப்பி அனுப்புவான். இவங்க அதுக்குக் காசு குடுக்கறாங்களா?” இண்டிகோ என்ற இந்த நீலச் சாயத்தின் குணமே அதுதான், ஜீன்ஸ் வெளுக்கும் அழகே அதனால்தான் என்று சொன்னேன். தலையை ஆட்டினார், ஒத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

பிறகு விரலை எச்சில் தொட்டு ஓரத்தில் அழுத்தித் தேய்த்தார். நீலம் விரலில் ஏறியது. அதைத் திரும்ப மாட்டிவிட்டார். நான் எச்சில் தொடுவதில்லை; பையில் வெள்ளை டிஷ்யூ வைத்திருக்கிறேன். இந்தச் சோதனை அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஒருமுறை புது ஜீன்ஸோடு தெரிந்தவர் வீட்டு வெண்ணெய் நிற சோபாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தபோது என் உட்கார்ந்த தடம் நீலமாக அங்கேயே தங்கிவிட்டது. அவர்கள் பரவாயில்லை என்றார்கள். அடுத்த முறை போனபோது சோபாவுக்கு உறை போட்டிருந்தது.

மூன்றாவதாக முழங்கால் இருக்கும் இடத்தைக் குறுக்கே இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துவிட்டு விட்டார். சில ஜீன்ஸ் பட்டென்று பழைய நிலைக்கு வந்தன. ஒன்று இழுத்த இழுப்பில் அலையாக நின்றது. “இது ஒரே மாசத்துல முட்டி வெச்சுரும்.” உள்சீட்டைப் பார்த்தேன், பருத்தி பாதிக்குக் கொஞ்சம் மேல், மீதியெல்லாம் பாலியெஸ்டர், ரேயான், ஸ்பான்டெக்ஸ். என் அனுபவத்தில் 98 சதவீதம் பருத்தி, 2 சதவீதம் எலாஸ்டேன் (ஸ்பான்டெக்ஸுக்கே இன்னொரு பெயர், இழுபடும் நூல்) வரைக்கும் சரி. முழுப் பருத்தி என்றால் முதல் நாள் கொஞ்சம் இறுக்கமாகவே எடுக்க வேண்டும், உடுத்த உடுத்த இடுப்பு ஓர் அரை அங்குலமாவது இளகும். நீட்சி நூல் கூடக் கூடக் கடையின் கண்ணாடியில் அழகாகத் தெரியும், வீட்டில் தொங்கும்.

நாலாவது சோதனைதான் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது. இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, கைகளை நீட்டி ஜீன்ஸைத் தொங்க விட்டார். இரண்டு காலின் பக்கத் தையலும் மேலிருந்து கீழ்வரை நேராக விழுகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்றில் இடது கால் தையல் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எட்டிப் பார்த்தது. “குறுக்கா வெட்டியிருக்கான். தொவைச்சா இன்னும் திருகும்.” டெனிம் சாய்வரி நெசவு, துணிக்கே ஒரு பக்கம் சாயும் குணம் உண்டு. மில்லில் அதைக் கணக்குப் பார்த்து எதிர்ப்பக்கம் சாய்த்துப் பதப்படுத்த வேண்டும், வெட்டும்போதும் நூல் ஓட்டம் பார்த்து வெட்ட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கால் திருகும். என் 49 டாலர் ஜீன்ஸின் கதை அது. அப்பாவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

பாக்கெட்டின் உள்துணியையும் வெளியே இழுத்துப் பார்க்கச் சொன்னார். காசு மிச்சம் பிடிக்கிறவன் முதலில் அங்கேதான் கை வைப்பானாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கெட்டியான பருத்தி போட்டிருந்தால் மற்ற இடமும் யோக்கியமாக இருக்கும் என்பது அவர் கணக்கு. எனக்கு இதுவரை அந்தக் கணக்கு பெரிதாகப் பொய்த்ததில்லை.

கிளம்பும் சமயம் ஆண்கள் பக்கம் ஒரு ஜீன்ஸின் அடிமடிப்பைப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பக்கத் தையலின் உள்புறம் வெள்ளைக் கரை, நடுவே சிவப்பு இழை. “கண்ணு, இது கரை! நாடாத் தறியில நெய்ததாட்ட இருக்குது.” உண்மைதான். உள்ளே ‘கோன் மில்ஸ், ஒயிட் ஓக்’ என்று ஒரு சின்னத் துணிச்சீட்டு. வட கரோலைனாவில் கிரீன்ஸ்பரோ ஊரில் இருந்த பழைய மில் அது. பழைய நாடாத் தறிகளில், அதாவது ஓடம் குறுக்கே ஓடி நெய்யும் தறிகளில், ஓரம் பிசிறாத கரையோடு டெனிம் நெய்தவர்கள். 2017 முடிவோடு அந்த ஆலையை மூடிவிட்டார்கள். அன்றைக்கு அந்த ஜீன்ஸ் 39.99. வீட்டுக்காரர் அளவு இல்லை. ஓர் அளவு பெரிது. அப்பா, “இருக்கட்டும், வாங்கு” என்றார். என் வாழ்நாளில் அப்பா அளவு பார்க்காமல் துணி வாங்கச் சொன்னது அது ஒன்றுதான். பெல்ட் போட்டு இன்றும் ஓடுகிறது.

அளவு என்றதும் ஒரு சேதி. பெண்கள் ஜீன்ஸில் 28 என்று போட்டிருந்தால் இடுப்பு 28 அங்குலம் என்று நம்பிவிடக் கூடாது. நான் நாடா வைத்து அளந்த ஒரு 28, 31 அங்குலம் இருந்தது. வாங்குகிறவரை மகிழ்விக்க எண்ணைக் குறைத்துப் போடும் பழக்கம் இங்கே ரொம்ப நாளாக உண்டு. ஆளாளுக்கு எவ்வளவு குறைக்கிறார்கள் என்பதுதான் வேறுபடும். ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஒரே எண், நிறம் மட்டும் வேறு என்றால்கூடக் கறுப்பு இறுக்கும், வெளிர் நீலம் தளரும், ஏனென்றால் ஒவ்வொரு சாயமும் சலவையும் துணியை ஒவ்வொரு விதமாகச் சுருக்கும். இதற்கு ஒரே வழி: நமக்கு நன்றாகப் பொருந்தும் பழைய ஜீன்ஸ் ஒன்றைத் தரையில் விரித்து இடுப்பின் குறுக்களவு, கவட்டிலிருந்து இடுப்புவரை முன்பக்க உயரம், உள்கால் நீளம், தொடைச் சுற்று என்று நாலு அளவை எடுத்துப் போனில் வைத்துக்கொள்வது. தையல் நாடா ஒன்று கைப்பையில் கிடக்கட்டும். டிரையல் ரூம் வரிசை நீளமாக இருக்கும் நாளில் இது காப்பாற்றும். முன்பக்க உயரம் ஒன்பது அங்குலமா பத்தரையா என்பது சின்ன வித்தியாசமாகத் தெரியும். இரண்டு பிள்ளை பெற்ற வயிற்றைக் கேட்டால் வேறு பதில் வரும்.

எப்போது போவது? மதுரை அக்காவின் வாக்கு: “சனி, ஞாயிறு போனா அலசித் தள்ளியிருப்பாய்ங்க. வாரத்து நடுவுல காலைல போ.” சரக்கு வரும் நாள் கடைக்குக் கடை மாறும், கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஒருமுறை போய் ஒன்றும் அகப்படாவிட்டால் அலுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கடைகளில் இன்று பார்த்தது நாளை இருக்காது, நாளை வருவது எதுவென்று கடைக்காரருக்கே தெரியாது. டி.ஜே. மேக்ஸ், மார்ஷல்ஸில் சிவப்புச் சீட்டு என்றால் விலை இறக்கியது; மஞ்சள் என்றால் கடைசி இறக்கம், அதற்கு மேல் இறங்காது. கோடை முடிவில் கனத்த துணி வரும் முன்பும், கிறிஸ்துமஸ் கழிந்து ஜனவரியிலும் மஞ்சள் அதிகம் கண்ணில் படும்.

நியூஜெர்சியில் துணிக்கு விற்பனை வரி இல்லை. நியூயார்க்கில் ஒரு உருப்படி 110 டாலருக்குக் கீழே இருந்தால் மாநில வரி இல்லை, மேலே போனால் உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர்கள் இதைக் கரைத்துக் குடித்திருப்பார்கள். அந்தப் பக்கம் போனால் செஞ்சுரி 21 என்று கடல் மாதிரி ஒரு தள்ளுபடிக் கடை உண்டு, உலக வர்த்தக மையத்துக்கு எதிரில். என் முதல் உண்மையான டிசைனர் ஜீன்ஸ் அங்கே கிடைத்ததுதான். 2020-ல் திவாலாகி மூடினார்கள். எனக்கு உறவு வீட்டில் துக்கம் மாதிரி இருந்தது. 2023-ல் அதே இடத்தில் மறுபடி திறந்தார்கள்.

இன்னொன்று: நானும் அண்ணியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் காரோட்டி பராமஸ் போனோம். அவ்வளவு பெரிய மால், வாகன நிறுத்தம் கிரிக்கெட் மைதானம் மாதிரி காலி. பராமஸ் இருக்கும் பெர்கன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஞாயிறு அன்று துணி விற்கக் கூடாது என்று பழைய சட்டம் ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை.

நான் செய்த தப்புகளில் பெரியது அலமாரியில் தொங்குகிறது. கம்பேர் அட் 228, மஞ்சள் சீட்டு 19.99. துணி அருமை, தையல் நேர், சாயம் ஒட்டவில்லை, ஆர்.என். எண் சரி, அப்பாவின் எல்லாச் சோதனையிலும் தேறியது. அளவு மட்டும் ஒன்று சின்னது. இளைத்துவிடுவோம் என்று வாங்கினேன். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்து நாலு வருஷம் ஆகிறது, சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. இது போல வாங்கி மாட்டி வைத்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த முதல் 198 டாலர் ஜீன்ஸை மாலிலேயே முழு விலைக்கு வாங்கியிருக்கலாம். வீட்டுக்காரர் ஒருநாள் இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டினார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது என் வேட்டையில் பெரும்பங்கு ஊருக்குப் போகும்போது கொண்டுபோகத்தான். ஒரு ஜீன்ஸ் அறுநூறு, எழுநூறு கிராம் இருக்கும். பத்து எடுத்தால் பெட்டியில் ஏழு கிலோ போய்விடும். அண்ணன் மகன் வாட்ஸாப்பில் “அத்தை, 32” என்று மட்டும் அனுப்புவான். முதல் வருஷம் 32 கொண்டுபோய் அவன் தம்பிக்குத்தான் ஆயிற்று. இப்போது, போட்டுக்கொண்டிருக்கும் பேன்ட்டைத் தரையில் விரித்து மேலே டேப் வைத்துப் போட்டோ அனுப்பினால்தான் கடைக்கே போவேன் என்று சொல்லிவிட்டேன். ஊரில் இருப்பவர்களுக்கு நீளம் கூடுதலாகவே எடுக்கிறேன். இடுப்பைக் கூட்டுவது கஷ்டம், நீளத்தைக் குறைப்பது சுலபம்.

அந்த நீளத்தைக் குறைக்கத்தான் போன டிசம்பரில் ஈரோட்டில் எங்கள் தெருமுனைத் தையல்காரரிடம் போனேன். எனக்கே எனக்காக எடுத்த ஜீன்ஸ், 24.99. அடிமடிப்பின் தேய்ந்த அழகு போகக் கூடாது என்பதால், பழைய மடிப்பை வெட்டி எடுத்து மேலே வைத்துத் தைக்கச் சொன்னேன். நியூஜெர்சியில் இதற்குக் கேட்கிற கூலிக்கு இன்னொரு ஜீன்ஸே வாங்கிவிடலாம். அவர் ஜீன்ஸை வாங்கி, ஒன்றும் பேசாமல் உள்பக்கம் புரட்டினார். பாக்கெட் துணியை இழுத்தார். கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு.

“எவ்வளவுக்குங்க எடுத்தீங்க?”

“ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆச்சுங்கண்ணா. அங்க கடையில இதோட விலை பதினேழாயிரம்.”

“துணி நல்ல துணிங்க” என்றார். சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “ரெண்டாயிரம் சித்தெ கூடத்தானுங்க.”